இடைநிலை ஃபாசில் ஒண்ணு கூட கிடைக்கலைனு சொல்றாங்களே, நிஜமா?

தர்க்கன்:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். பரிணாமம் உண்மைனா ஒரு வகை இன்னொரு வகையா மாறுற வழியில இருந்த உயிரினங்களோட எலும்பு மண்ணுக்குள்ள குவிஞ்சு கிடக்கணும் இல்லையா. டார்வினே 1859ல புக் போட்டப்போ இது என் கொள்கைக்கு எதிரா வைக்கக்கூடிய பெரிய ஆட்சேபணைனு எழுதியிருக்காரு. அதுக்கப்புறம் 160 வருஷத்துக்கு மேல தோண்டிட்டாங்க. கிடைக்கிறது எல்லாம் மீன்னா முழு மீன், பறவைனா முழு பறவை. பாதி மீன் பாதி பல்லி எங்க? வீடியோ லிங்க் கொட்டாதீங்க ப்ளீஸ், தெரிஞ்சத நீங்களே எழுதுங்க.

ஆமைவேகம்:
டார்வின் அந்த ஆட்சேபணைய எழுதினது உண்மைதான் ப்ரோ, அதுக்கு ஒரு அத்தியாயம் முழுக்க பதிலும் எழுதியிருக்காரு, அத மட்டும் யாரும் ஷேர் பண்றதில்ல. அது போகட்டும். புக் வந்து ரெண்டே வருஷத்துல, 1861ல, ஜெர்மனி பவேரியாவுல சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லுல ஆர்க்கியோப்டெரிக்ஸ் கிடைச்சுது. 15 கோடி வருஷம் பழசு. இறக்கை இருக்கு, சிறகு அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு, ஆனா வாயில பல்லு, கையில மூணு விரல்லயும் நகம், பின்னாடி பல்லி மாதிரி நீளமா எலும்பு வால். இன்னிக்கு இருக்கிற எந்தப் பறவைக்கும் இந்த மூணும் சேர்ந்து கிடையாது. வேற என்ன வேணும்?

தர்க்கன்:
சிறகு இருந்தா பறவை, அவ்வளவுதான். ஹோட்ஸின்னு ஒரு பறவை இருக்கு, அதோட குஞ்சுக்கும் இறக்கையில நகம் உண்டு, அதுக்காக அத டைனோசர்னு சொல்றோமா? அதுவும் போக ஃப்ரெட் ஹாயில் மாதிரி பெரிய விஞ்ஞானியே ஆர்க்கியோப்டெரிக்ஸ் போலி, சிமெண்ட் பூசி சிறகு அச்சு எடுத்திருக்காங்கனு சொன்னாரே.

கல்லுளி:
ரெண்டையும் தனித்தனியா பார்ப்போம்.

ஹாயில் வானியல்காரர், பெரிய ஆள்தான், ஆனா இது அவர் ஏரியா இல்ல. 1985 வாக்குல அவரும் அவர் கூட வேலை பார்த்த விக்ரமசிங்கவும் இன்னும் சிலரும் அத கிளப்பினாங்க. அடுத்த வருஷமே அந்த ஃபாசில வச்சிருக்கிற லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம்காரங்க பதில் போட்டாங்க. இந்த ஃபாசில் கல்லு ரெண்டா பிளந்து ரெண்டு பலகையா இருக்கு. முடி கனத்துல விரிசல் ஒரு பலகையில சிறகு மேல ஓடுது, எதிர்ப் பலகையில அதே விரிசல் அதே இடத்துல ஓடுது. பாறைக்குள்ள கனிமம் செடி மாதிரி கிளை விட்டு வளர்ந்த கோலமும் ரெண்டு பக்கமும் அச்சு மாறாம பொருந்துது. மேல பூச்சு பூசியிருந்தா விரிசல் அந்தப் பூச்சுக்கு அடியில போயிருக்கும். அதோட அந்த விஷயம் முடிஞ்சுது.

இப்போ "சிறகு இருந்தா பறவை"ங்கிறது. எனக்கு ரொம்பப் பிடிச்ச பாயிண்ட் இதுதான். கிடைச்ச எல்லா ஆர்க்கியோப்டெரிக்ஸ் ஃபாசில்லயும் சிறகு அச்சு பளிச்சுனு தெரியாது. ஐக்ஷ்டாட்ங்கிற ஊர் பேர்ல சொல்ற ஃபாசில் 1951ல கிடைச்சது, சிறகு சரியா கண்ணுக்குப் படல, அத காம்ப்சோக்னாதஸ்னு ஒரு சின்ன டைனோசர்னு எழுதி வச்சுட்டாங்க. 1970கள்லதான் அது ஆர்க்கியோப்டெரிக்ஸ்னு தெரிஞ்சுது. அதாவது இருபது வருஷம் எலும்ப மட்டும் பார்த்தவங்களுக்கு அது டைனோசரா தெரிஞ்சிருக்கு. ஹோட்ஸின் எலும்புக்கூட்ட எவர்கிட்ட வேணா குடுங்க, டைனோசர்னு ஒருத்தரும் எழுத மாட்டாங்க, ஏன்னா பல்லு கிடையாது, நீளமான எலும்பு வால் கிடையாது, நகத்த தவிர மத்ததெல்லாம் முழுப் பறவை.

1996ல சீனா லியாவ்னிங்ல சைனோசாரோப்டெரிக்ஸ் வந்துது, சந்தேகமே இல்லாத டைனோசர், உடம்பு பூரா நார் நாரா இழை. அதுக்கப்புறம் சிறகு வச்ச டைனோசர் வரிசையா வந்துக்கிட்டே இருக்கு. எது பறவை எது டைனோசர்னு எங்க கோடு போடறதுங்கிறதுதான் இன்னிக்கு அந்தத் துறையில சண்டையே.

பழுத்தஇலை:
தம்பிகளா, சீனா பத்தி பேசறப்ப 1999 கதையையும் சொல்லணும்ல. டைனோசருக்கும் பறவைக்கும் நடுவுல உள்ளது ஆர்க்கியோராப்டர்னு நேஷனல் ஜியோகிராஃபிக் பத்திரிகையில படம் போட்டு கொண்டாடினாங்க, கடைசியில பறவை உடம்பும் டைனோசர் வாலும் ஒட்டவச்சதுனு தெரிஞ்சுது. இங்கிலாந்துல பில்ட்டவுன் மனுஷன்னு ஒரு ஆதிமனுஷ ஃபாசில் 1912ல வந்துது, மனுஷ மண்டை ஓடு, ஒராங்குட்டான் தாடை, நாற்பது வருஷம் உலகத்தையே ஏமாத்துச்சு. இவ்வளவு நடந்ததுக்கு அப்புறம் சாதாரண ஆள் எத நம்புவான்?

கல்லுளி:
நியாயமான கேள்வி ஐயா. ஆனா கண்டுபிடிச்சது யாருனு பாருங்க. ஆர்க்கியோராப்டரோட வால் ஒட்டு வேலைனு சொன்னது ஷூ ஷிங், அவரே சிறகு டைனோசர்கள ஆராயறவர், அந்த வாலோட எதிர்ப் பலகை வேற ஒரு ஃபாசில்ல ஒட்டிக்கிட்டு இருந்தத சீனாவுல பார்த்துட்டாரு. அதுவும் முறையான ஆய்விதழ்ல அந்தக் கட்டுரை ஏறவே இல்ல, பத்திரிகை அவசரப்பட்டுச்சு. பில்ட்டவுன் 1953ல உடைஞ்சது ஃப்ளோரின் சோதனையும் மத்த சோதனைகளும் வச்சுத்தான், செஞ்சது துறைக்காரங்கதான். அதுவும் எப்படி சந்தேகம் வந்துதுனா, ஆப்பிரிக்காவுல கிடைச்ச நிஜ ஃபாசில்கள் எல்லாம் மூளை சின்னது, பல்லு மனுஷப் பல்லு பக்கமா இருந்துச்சு. பில்ட்டவுன் மட்டும் தலைகீழ். மனுஷ வம்சாவளி மரத்துல எங்கயுமே உட்காரல. நாற்பது வருஷம் ஆச்சுங்கிறது அசிங்கம்தான், அத மழுப்ப முடியாது.

வெள்ளிமீன்:
மன்னிக்கணும், குறுக்க வர்றேன். தர்க்கன் சார் "பாதி" கேட்டாருல்ல. நிஜமாவே பாதி ஒண்ணு இருக்கு, ஆனா யாரும் அதிகம் பேச மாட்டாங்க.

நாக்கு மீன் பார்த்திருப்பீங்க, தட்டையா ஒரு பக்கமா படுத்து கிடக்கும், ரெண்டு கண்ணும் ஒரே பக்கத்துல இருக்கும். குஞ்சா இருக்கிறப்போ சாதா மீன் மாதிரி பக்கத்துக்கு ஒரு கண்ணு, வளர வளர ஒரு கண்ணு மண்டையச் சுத்தி மறுபக்கம் போயிடும். 1871ல மைவார்ட்னு ஒரு உயிரியல்காரர் டார்வினப் போட்டு வாங்கு வாங்குனு வாங்கினாரு. கண்ணு கொஞ்சமே கொஞ்சம் நகர்ந்தா அந்த மீனுக்கு என்ன லாபம், இன்னும் மண்ணப் பார்த்துதான இருக்கும், அதனால படிப்படியா வந்திருக்கவே முடியாதுன்னாரு. டார்வின் 1872 பதிப்புல பதில் சொல்லப் பார்த்தாரு, ஆனா கையில ஃபாசில் எதுவும் இல்ல. அப்புறம் கோல்ட்ஷ்மிட்னு ஒரு மரபியல்காரர் கூட இது ஒரே தாவல்ல வந்திருக்கணும்னுதான் சொன்னாரு. அதாவது பரிணாமத்த ஏத்துக்கிட்டவங்களே திணறின கேஸ் இது.

2008ல மேட் ஃப்ரீட்மன்னு ஒருத்தர், அப்போ ஆய்வு மாணவர், மியூசியங்கள்ல ஏற்கெனவே இருந்த ஃபாசில்கள எடுத்துப் பார்த்தாரு. வட இத்தாலி மோண்டே போல்கா பாறையில கிடைச்ச ஆம்ஃபிஸ்டியம்ங்கிற மீன், சுமார் 5 கோடி வருஷம் பழசு, இது புதுசா தோண்டினது கூட இல்ல, அந்த மீன் பேரு 19ஆம் நூற்றாண்டுலயே புழக்கத்துல இருந்துச்சு. ஃபாசில் ஒரு பக்கத்தத்தான் காட்டும்ங்கிறதால மறுபக்கத்த யாரும் கவனிக்கல. அவர் சிடி ஸ்கேன் பண்ணி ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டாரு. ஒரு பக்கம் கண்குழி இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. மறுபக்கம் கண்குழி மேல ஏறியிருக்கு, ஆனா உச்சியத் தாண்டல. வளராத குஞ்சு இல்ல, வளர்ந்த மீன். வியன்னா மியூசியத்துல இருந்த இன்னொரு வகைக்கு ஹெட்டரோனெக்டிஸ்னு பேரு வச்சாரு, அதுவும் அப்படித்தான்.

மைவார்ட் எது இருக்கவே முடியாதுன்னாரோ அது மியூசியத்துக்குள்ள உட்கார்ந்திருந்துச்சு.

தர்க்கன்:
இது நான் கேள்விப்படாதது, படிச்சுப் பார்க்கிறேன். ஆனா ஒரு கண்ணு நகர்ந்த மீன் கடைசியில மீன்தான். நான் கேக்கிறது பெரிய மாற்றம், தண்ணியிலேர்ந்து தரைக்கு வந்தது மாதிரி. மீனுக்கும் நாலுகால் பிராணிக்கும் நடுவுல டிக்டாலிக்னு ஒரு ஃபாசில் இருக்குனு சொல்லப் போறீங்க, தெரியும். அதுலயும் ஓட்டை இருக்கு, போலந்துல அதவிடப் பழைய நாலுகால் பிராணியோட தடம் கிடைச்சிடுச்சு. பேரன் பிறந்த பிறகு தாத்தா பிறந்த மாதிரி இல்ல?

கல்லுளி:
டிக்டாலிக் கதைய ஒழுங்கா சொல்லிட்டு போலந்துக்கு வர்றேன், ஏன்னா பாதிப் பேருக்கு முதல் பாதி தெரியாது.

அத எடுத்த ஃபாசில் ஆளுங்க நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும் எங்கயோ தோண்டி எதுவோ கிடைச்சு பேரு வைக்கல. மீன் பக்கம் நிக்கிற ஃபாசில் 38 கோடி வருஷத்துக்கு முன்னாடி இருக்கு, காலும் விரலும் வந்த அகாந்தோஸ்டெகா 36.5 கோடியில இருக்கு. அப்போ நடுவுல உள்ள வயசுப் பாறை, அதுவும் ஆத்து ஓரமா படிஞ்ச பாறை, எங்க வெளிய தெரியுதுனு ஜியாலஜி மேப்புல தேடினாங்க. கனடாவோட வடக்கு ஓரம் ஆர்க்டிக் தீவு. 1999லேர்ந்து போக ஆரம்பிச்சாங்க, முதல் தடவை போன இடம் ஆழ்கடல் பாறை, ஒண்ணும் தேறல. 2004ல எல்ஸ்மியர் தீவுல ஒரு சரிவுல தட்டையான மூஞ்சி ஒண்ணு பாறையிலேர்ந்து நீட்டிக்கிட்டு இருந்துச்சு. 2006ல கட்டுரை வந்துது.

செதில் இருக்கு, துடுப்பு இருக்கு, துடுப்பு நுனியில மீனோட கதிர் இருக்கு. ஆனா துடுப்புக்குள்ள மேல்கை எலும்பு ஒண்ணு, கீழ்கை எலும்பு ரெண்டு, அப்புறம் மணிக்கட்டு மாதிரி மடங்குற எலும்புகள். உங்க கையில இருக்கிற அதே வரிசை. முதலை மாதிரி தட்டைத் தலை, கண்ணு மேல. அப்புறம் கழுத்து! மீனுக்கு மண்டையும் தோளும் எலும்பால பூட்டியிருக்கும், தலைய மட்டும் தனியா திருப்ப முடியாது. டிக்டாலிக்ல அந்தப் பூட்டு இல்ல. இத படிக்கிறப்ப எனக்கு துடுப்ப விட கழுத்துதான் பெரிய விஷயமா பட்டுச்சு.

ஆமைவேகம்:
போலந்து மேட்டர் நான் சொல்றேன். ஸாஹெல்மியே கல்குவாரி, 2010ல வந்த கட்டுரை, தடம் சுமார் 39 கோடி வருஷம் பழசு. டிக்டாலிக்கை விட ஒன்றரை கோடி வருஷமாவது முன்னாடி. அது நிஜமாவே நாலுகால் பிராணியோட தடம்தானா, இல்ல மீன் தோண்டின குழியானு துறைக்குள்ளயே வாக்குவாதம் இருக்கு, ஆனா தடம்னே வச்சுக்குவோம்.

உங்க சித்தப்பா உங்களவிட வயசுல சின்னவரா இருக்க முடியாதா? பெரிய குடும்பத்துல எத்தனையோ பார்க்கிறோம். அவரு உங்க அப்பாவோ தாத்தாவோ கிடையாது, ஆனா உங்க தாத்தா மூக்கு எப்படி இருந்துச்சுனு அவர் மூஞ்சியப் பார்த்தா தெரியும். டிக்டாலிக் நம்ம நேரடிப் பாட்டன்னு அவங்க சொல்லவே இல்ல, மீனுக்கும் காலுக்கும் நடுவுல உடம்பு எப்படி இருந்துச்சுனு காட்டுற பக்கத்து வாரிசு. கிளை பிரிஞ்சது முன்னாடி, அந்தக் கிளையில ஒண்ணு ரொம்ப நாள் தாக்குப் பிடிச்சிருக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும். "கணிச்சு வச்ச வயசுல கரெக்டா போய் எடுத்தாங்க"ங்கிற கதைய மேடை போட்டு சொல்றவங்க போலந்து தடத்தையும் சேர்த்துச் சொல்றது நல்லது. வயசுக் கணக்கு அவ்வளவு கச்சிதம் இல்ல. உடம்பு அமைப்பு பத்தின கணிப்புதான் கச்சிதம்.

பழுத்தஇலை:
வயசு வயசுங்கிறீங்களே, கார்பன் டேட்டிங் நம்பகமில்லைனு சொல்றாங்களே?

கல்லுளி:
ஐயா, கார்பன் இதுக்கு யாரும் பயன்படுத்தறதே இல்ல. கார்பன் 14 அரை ஆயுள் 5,730 வருஷம், சுமார் 50,000 வருஷத்துக்கு மேல அளக்க மிச்சம் இருக்காது. கோடிக்கணக்கு வயசுக்கு எரிமலைச் சாம்பல்ல இருக்கிற ஸிர்கான் படிகத்துல யுரேனியம் எவ்வளவு ஈயமா மாறியிருக்குனு பார்க்கிறாங்க. சாம்பல் இல்லாத இடத்துல, அந்தப் பாறையில உள்ள மகரந்தத்தூள் மாதிரியான நுண்ணிய விதைத்தூள வச்சு, வயசு தெரிஞ்ச வேற பாறையோட பொருத்துவாங்க. டிக்டாலிக்குக்கு அப்படித்தான்.

மூணாம்பிறை:
எல்லாரும் மீன்லயே நிக்கிறீங்க. என்னைக் கேட்டா இருக்கிறதுலயே அசைக்க முடியாத கேஸ் காதுதான். காதுக்கு முன்னாடி விரல வச்சு வாயத் திறந்து மூடுங்க. தாடை மூட்டு ஆடுறது விரலுக்குத் தெரியுதா? கேக்கிற எலும்பும் மெல்லுற மூட்டும் அவ்வளவு பக்கத்துல இருக்கு, அது ஏன்னுதான் கதை.

பல்லிக்கு கீழ்த்தாடை பல எலும்பு சேர்ந்தது, நடுக்காதுல ஒரே எலும்பு. நமக்கு கீழ்த்தாடை பக்கத்துக்கு ஒரே எலும்பு, நடுக்காதுல மூணு எலும்பு. ரைஷெர்ட்னு ஒரு ஜெர்மன்காரர் 1837லயே, கவனிங்க, டார்வின் புக்குக்கு 22 வருஷம் முன்னாடி, கருவ அறுத்துப் பார்த்துட்டு நம்ம காதுல இருக்கிற சுத்தி, பட்டடைனு பேர் வச்ச ரெண்டு எலும்பும் பல்லியோட தாடை மூட்டுல இருக்கிற ரெண்டு எலும்புதான்னு சொல்லிட்டாரு. அவர் பரிணாமம் பேசல, உறுப்பு எங்கேர்ந்து வளருதுனு பார்த்தாரு.

தர்க்கன்:
இதுக்கு ஒரு எதிர்வாதம் ரொம்ப நாளா இருக்கு. தாடை மூட்டு எலும்பு காதுக்குப் போறதுன்னா நடுவுல கொஞ்ச காலம் அந்தப் பிராணிக்கு தாடை மூட்டே இருந்திருக்காது. எப்படி தின்னுச்சு? எப்படி கேட்டுச்சு?

மூணாம்பிறை:
அதுக்குத்தான் வர்றேன். இருக்கவே முடியாதுன்னா ரெண்டு மூட்டும் ஒரே சமயத்துல வச்சிருக்கிற பிராணி கிடைக்கக் கூடாது. கிடைச்சுது. மார்கனுகோடான், சுமார் 20 கோடி வருஷம், எலி சைஸ், வேல்ஸ் பகுதியிலயும் சீனாவுலயும். பழைய பல்லி மூட்டும் இருக்கு, அதுக்கு பக்கத்துலயே புதுசா நம்ம மாதிரி மூட்டும் இருக்கு. ரெண்டும் ஒரே தாடையில. தென்னாப்பிரிக்காவுல டயார்த்ரோக்னாதஸ்னு ஒண்ணு, அதுலயும் ரெண்டு மூட்டு. புது மூட்டு சுமைய எடுத்துக்கிட்ட பிறகு பழைய எலும்புங்க சின்னதாகி அதிர்வக் கடத்துற வேலைக்கு மட்டும் நின்னுடுச்சு. 2007ல சீனாவுல யானோகோனோடான், 12 கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் மேல, காது எலும்பு கிட்டத்தட்ட நம்ம வடிவம் வந்திருச்சு, ஆனா இன்னும் ஒரு குருத்து எலும்புத் தண்டால தாடையோட கட்டிப் போட்டிருக்கு.

உயிரோட வேணும்னா ஒப்போசம்ங்கிற, குட்டியப் பையில வச்சு வளர்க்கிற மிருகத்தோட குட்டியப் பாருங்க. பிறக்கிறப்போ அந்த எலும்புங்க தாடையோட ஒட்டித்தான் இருக்கும், வளர வளரத்தான் விலகி காதுக்குப் போகும். பாறையில இருக்கிற வரிசை ஒரு குட்டி வளர்றப்போவும் தெரியுது. இது ரெண்டும் தற்செயலா பொருந்துதுனு சொல்றதுக்கு எனக்கு மனசு வரல.

தர்க்கன்:
சரி, தரையில இருந்த மிருகம்தான் திமிங்கிலமாச்சுங்கிறாங்களே? ஆதித் திமிங்கிலம்னு சொல்ற பாக்கிசீட்டஸ முதல்ல தண்ணியில நீந்துற மாதிரி படம் போட்டாங்க, அப்புறம் முழு உடம்பு கிடைச்சதும் தரையில ஓடுற மிருகம்னு ஆயிடுச்சு. ரோடோசீட்டஸ்ங்கிற இன்னொரு பழைய திமிங்கிலத்துக்கு வால் துடுப்பு வரைஞ்சாங்க, அப்புறம் வாபஸ். படத்த மாத்திக்கிட்டே போனா எப்பவும் ஜெயிக்கலாமே.

கல்லுளி:
படம் தப்புதான், மண்டை ஓட்ட மட்டும் வச்சு உடம்பு வரையறது எனக்கும் பிடிக்காது. ஆனா எலும்பு என்ன சொல்லுதுனு பாருங்க. திமிங்கிலத்தோட நடுக்காது எலும்புக் கிண்ணம் ஒரு பக்கம் மட்டும் பயங்கரமா தடிச்சிருக்கும், அது திமிங்கிலக் குடும்பத்துக்கே உரிய முத்திரை. பாக்கிசீட்டஸுக்கு அது இருக்கு, காலும் குளம்பும் இருந்தாலும்.

இன்னும் சுவாரசியம் இந்தோஹையஸ். ஏ. ரங்க ராவ்ங்கிற இந்திய ஜியாலஜிஸ்ட் காஷ்மீர் பக்கம் காலாகோட்ல கல்லு கல்லா சேர்த்து வச்சிட்டு இறந்துட்டாரு. அவர் மனைவி அத ஹான்ஸ் தெவிசன்ங்கிற ஃபாசில் ஆராய்ச்சியாளர்கிட்ட குடுத்தாங்க. சுத்தம் பண்றப்போ மண்டை ஓடு ஒண்ணு தவறி உடைஞ்சுது, உள்ள பார்த்தா அதே தடிச்ச காது. பூனை சைஸ்ல குளம்பு வச்ச ஒரு குட்டி மிருகத்துக்கு திமிங்கிலக் காது. 2007ல வெளிவந்துது.

படத்த மாத்தினதுக்கு வர்றேன். 1990கள்ல டிஎன்ஏ ஆளுங்க திமிங்கிலத்துக்கு நெருங்கின சொந்தம் நீர்யானைன்னாங்க. ஃபாசில் ஆளு ஃபிலிப் ஜிஞ்சரிச் வேற குடும்பத்தத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. மாடு, பன்னி, நீர்யானை வகையறாவுக்கு கணுக்கால்ல ஒரு எலும்பு ரெண்டு முனையிலயும் கப்பி மாதிரி இருக்கும், வேற எந்த மிருகத்துக்கும் கிடையாது. டிஎன்ஏ சரின்னா பழைய திமிங்கிலத்துக்கு அது இருக்கணும். 2001ல அதே ஜிஞ்சரிச் பாகிஸ்தான்ல எடுத்த ரெண்டு திமிங்கிலத்துல அந்தக் கப்பி இருந்துச்சு, அவரே தன் பழைய கருத்த விட்டுட்டாரு. ஜெயிக்கறதுக்கு மாத்தினதா இருந்தா தன் கட்சிக்கு எதிரா ஏன் மாத்தணும்?

தர்க்கன்:
காது கேஸுக்கும் கணுக்காலுக்கும் உடனே பதில் இல்ல, யோசிக்கணும். ஆனா எல்லாத்துக்கும் இப்படி இருக்குனு ஒத்துக்க மாட்டேன். வௌவால் சொல்லுங்க பார்ப்போம். பாதி இறக்கை வௌவால் ஒண்ணு காட்டுங்க.

வெள்ளிமீன்:
இல்ல. கிடைக்கல.

இருக்கிறதுல பழமையான நல்ல எலும்புக்கூடுகள்ல ஒண்ணு அமெரிக்கா வயோமிங்ல கிடைச்ச ஓனிகோனிக்டெரிஸ், சுமார் 5.2 கோடி வருஷம், 2008ல வெளிவந்துது. அஞ்சு விரல்லயும் நகம் இருக்கு, இன்னிக்கு வௌவாலுக்கு ஒண்ணு ரெண்டுதான். காது எலும்ப வச்சு அதுக்கு எதிரொலி கேக்கிற திறன் இல்லைனு ஒரு கட்சி, இருந்துச்சுனு ஒரு கட்சி. ஆனா அது ஏற்கெனவே பறக்குது, நீங்க கேக்கிறது அதுக்கும் முந்தினது.

மூணாம்பிறை:
எலும்பு மெல்லிசு, காட்டுல செத்தா மக்கிப் போயிடும், மிஞ்சினா பல்லு மிஞ்சும். பூச்சி தின்கிற குட்டிப் பிராணிகளோட பல்லு அந்தக் காலத்துப் பாறையில நிறைய இருக்கு, ஆனா பல்ல மட்டும் பார்த்து இதுக்கு விரல் நீளுதா இல்லையானு எப்படிச் சொல்றது. கரு ஆராய்ச்சியில ஒரு துப்பு உண்டு, வௌவால் கருவுல விரல் ஆரம்பத்துல எலிக் கரு விரல் மாதிரியே இருந்துட்டு அப்புறம்தான் கிடுகிடுனு நீளுது. அது வழி இருக்குனு காட்டுது, ஃபாசில் ஆகாது.

தர்க்கன்:
அப்போ வௌவால் கணக்கு பாக்கினு எழுதிக்கிறேன்.

கல்லுளி:
எழுதிக்கோங்க. கூடவே இதையும் எழுதிக்கோங்க: எப்பவாவது கிடைச்சா அது 5.2 கோடிக்கு முந்தின பாறையில இருக்கணும், கை விரல் நீண்டிருக்கணும், ஆனா முழு இறக்கை அளவுக்கு இல்ல, கால்ல மரம் ஏறுற நகம் இருக்கணும். இதுக்கு நேர் எதிரா வந்தா நானே வந்து இங்க போடறேன்.